அக்கா நிற்கும்போது

கப்பல் வரும் நாட்களில் மாராயா காலையில் யாரோடும் பேசமாட்டாள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். எழுந்து, முகம் கழுவி, ஒரு டம்ளர் வெந்நீர் குடித்து, கறுப்புப் பாவாடைக்கு இஸ்திரி போட்டு வைப்பாள். பதினொரு மணிவாக்கில் பேருந்துகள் வந்து நிற்கும்வரை வாயைத் திறக்கமாட்டாள். தொண்டைக்கு நல்லது என்று முதலில் யாரோ சொன்னார்கள். பிறகு அதுவே பழகிப்போனது.

ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால் அதை வைத்துக் காரியம் சாதிக்கவும் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு எலுமிச்சம்பழம் வேண்டுமென்றால் கப்பல் நாளாகப் பார்த்துத்தான் வேலியோரம் வருவாள்.

"மாராயா, பத்துப் பழம் பறிச்சுக்கட்டுமா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடு."

கொஞ்ச நேரம் நிற்பாள். "சரி, நீ வேண்டாம்னு சொல்லல," என்று பறித்துக்கொண்டு போய்விடுவாள். சித்தப்பா மகன் ஹோஹெப்பா பெரிய சட்டியை இரவல் கேட்டதும் அப்படி ஒரு காலையில்தான். சட்டி இன்னும் வந்து சேரவில்லை.

சுற்றுலாக் கப்பல் நிற்பது டவுரங்கா துறைமுகத்தில். அங்கிருந்து மலை ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரம் பேருந்தில் வந்தால் ரோட்டருவா ஏரி. ஏரிக்கரையில் மாராயாவின் ஊர். அடியில் கொதிநீர் ஊற்று ஓடுவதால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் தரை புகையும். மழை பெய்தால் பாதையே புகையும். கோழியும் கிழங்கும் வேக அடுப்பு வேண்டியதில்லை. ஆவி கிளம்பும் பூமியின் வாய்மேல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் பொருத்தியிருப்பார்கள். காலையில் உள்ளே வைத்தால் மத்தியானம் எலும்பிலிருந்து கறி கழன்றுவரும். வருகிறவர்கள் இறங்கியவுடன் கந்தக நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். வழிகாட்டியான ஹோஹெப்பாவுக்கு அது வருடக்கணக்காகச் சலிக்காத வேடிக்கை.

"முட்டை அழுகிடுச்சுன்னு நெனைக்காதீங்க. இது எங்க ஊரு சென்ட்டு. போகும்போது சட்டையில ஒட்டிக்கிட்டு வரும், காசு கெடையாது."

ஆனால் யாரும் நேரே ஊருக்குள் நடந்துவிட முடியாது. வாசலில் நிற்கவேண்டும். உள்ளே மூதாதை வீடு இருக்கிறது. அந்த வீட்டின் முன்கூரை ஊரின் ஆதித் தகப்பன் விரித்த கைகள் என்பது கணக்கு. அந்தக் கூரையடியிலிருந்து ஒரு பெண் ஊரின் பழைய மொழியில் குரலெடுத்துக் கூப்பிடவேண்டும். வந்தவர்களைக் கூப்பிடுவாள், அவர்கள் தங்களோடு சுமந்துவரும் இறந்தவர்களையும் சேர்த்துக் கூப்பிடுவாள். அந்த அழைப்பு காதில் விழுந்த பிறகுதான் கால் எடுத்து வைக்கலாம். நடுவில் குரல் அறுந்துவிடக்கூடாது. அறுந்தால் ஊருக்கு நல்லதல்ல என்பார்கள். கப்பல்காரர்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்றால் தெரியாது. ஆனாலும் கேட்பவனுக்குத் தெரியவில்லை என்பதற்காக அழைப்பில் குறை வைக்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

இருபத்திரண்டு வருடமாகக் கூப்பிடுகிறவள் மாராயா.

அவளைத் தெரியாதவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். டவுனில் ஒரு ஓட்டலில் முப்பது வருடம் படுக்கைவிரிப்பு வெளுத்து மடித்தவள். கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்கமாட்டாள். கல்யாணப் புகைப்படங்களில் யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் அரை முகமாகத்தான் இருப்பாள். அவள் புருஷன் எருவேரா, உயிரோடு இருந்தபோது, சிரிப்பான். "வீட்ல உப்பு வேணும்னு கேக்கக்கூட உனக்குச் சத்தம் வராது. அங்க போய் நின்னா மலையே திரும்பிப் பாக்குது. ரெண்டு பேரைக் கட்டிக்கிட்டேனோ?"

அவளுக்கும் அது விளங்கினதில்லை. மூதாதை வீட்டின் முன் நின்று மூச்சை இழுத்தால் கூச்சம் எங்கோ போய்விடும். அந்த மூன்று நிமிடம் அவள் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. இறங்கினதும் சமையல்கட்டுக்கு ஓடிவிடுவாள், யாராவது வந்து கேள்வி கேட்பதற்குள்.

ஆனால் அந்த இடம் அவளுடையதல்ல. அதுதான் விஷயம்.

அக்கா இருக்கும்போது தங்கை கூப்பிடுவது வழக்கமில்லை. அம்மா அந்த அழைப்பை மூத்தவள் பிரிஹிராவுக்குத்தான் கொடுத்தாள். மாராயா பக்கத்து அறையில் துணி மடித்தபடி காதால் எடுத்துக்கொண்டதுதான். பிரிஹிரா இருபத்திநாலு வயதில் கடல் தாண்டி சிட்னிக்குப் போனாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, கென் என்று ஒரு வெள்ளைக்காரப் புருஷன். அம்மா செத்தபோது வந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். கிளம்புகிற அன்று விமான நிலையத்துக்குப் போகும் வண்டி வாசலில் நிற்க, தங்கையின் கன்னத்தைப் பிடித்து, "நான் வர்ற வரைக்கும் நீ பாத்துக்கடி," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையின் பலத்தில்தான் மாராயா கூப்பிட்டாள். இருபத்திரண்டு வருடம் இரவல் இடத்தில் நின்றாள்.

சென்ற நவம்பரில் பிரிஹிரா வந்துவிட்டாள். கென் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின், அறுபத்தெட்டு வயது. திரும்பிப் போகிற டிக்கெட் இல்லை.

மாராயாவுக்கு அக்காவைக் கண்டதும் அழுகை வந்தது. ஊர் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து வெகுநேரம் நின்றார்கள். எருவேராவின் அறையை ஒழித்து, சுவருக்கு நீலச் சாயம் அடித்துக் கொடுத்தாள். பிரிஹிரா வீடு முழுக்கப் பேசினாள். டி.வி.யோடு பேசினாள், புகையும் தரையோடு பேசினாள், மெத்தை கல்லாக இருக்கிறது என்று மெத்தையிடமே சொன்னாள். ஒன்பது வருடம் அமைதியாகக் கிடந்த வீடு கலகலத்தது. மாராயாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டுக் கழுவும்போது அந்தக் கணக்கு நினைவுக்கு வரும். அக்கா வந்துவிட்டாள். அப்படியென்றால் அந்த இடம் போய்விட்டது. வேறு எதிலும் அவளுக்கு இந்த உலகத்தில் சத்தம் இருந்ததில்லை.

கேட்கவும் முடியவில்லை. 'உனக்கு அது வேணுமா' என்று கேட்டால் 'எனக்கே விட்டுக்கொடு' என்று அர்த்தமாகிவிடும்.

முதல் கப்பலுக்கு முந்தின சாயங்காலம், வந்துபோகிறவர்கள் எல்லாம் கிளம்பி ஊர் ஊராக ஆனபிறகு, பெண்கள் வழக்கம்போல் ஊர்ப்பொது வெந்நீர்த் தொட்டியில் இறங்கினார்கள். கழுத்துவரை நீர், தலைக்குமேல் ஆவி. பக்கத்து வீட்டுக்காரிதான் ஆரம்பித்தாள்.

"இனிமே மாராயாவுக்கு ஓய்வு. மூத்தவ வந்துட்டா. நாளைக்குக் காதுகுளிரக் கேக்கலாம்."

"அம்மா குரல் அப்படியே பிரிஹிராவுக்குத்தான்," என்றாள் இன்னொருத்தி. "சின்னதுல ஏரிக்கு அந்தப் பக்கம் கேக்கும்."

"அப்ப அந்தப் பக்கத்துல இருந்தவங்க காது பாவம்," என்றாள் பிரிஹிரா. எல்லாரும் சிரித்தார்கள். மாராயாவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் எப்போதும் சும்மா இருக்காது. மற்றவர்களுக்கு முந்தியே அக்கா தண்ணீரைவிட்டு எழுந்து போனதைப் பார்த்தாள். சூடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அம்மாவின் கறுப்புச் சால்வையைப் பெட்டியிலிருந்து எடுத்து, சமையலறை நாற்காலியின்மேல் மடித்து வைத்தாள். பிரிஹிரா தேநீரோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"என்னடி இது?"

மாராயா விரலால் அவளைக் காட்டினாள்.

"நானா? இன்னிக்கேவா?"

தலையாட்டினாள்.

"மாரா, இப்படி உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

மாராயா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று கையசைத்தாள்.

"அதான் கப்பல் நாளு, தெரியும். வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசினா செத்தா போயிடுவே?"

மாராயா சிரித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று கூப்பிடப்போவது அவளில்லை. தொண்டையைக் காப்பாற்றவேண்டிய அவசியமே இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் உள்ளே இருக்கிற ஆசை வெளியே விழுந்துவிடுமோ என்று பயம். அதனால் பழைய வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அக்கா தேநீரை மேசைமேல் வைத்தாள். பிறகு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பதினொன்றுக்குப் பேருந்து வந்தது. நாற்பத்தெட்டுப் பேர். குட்டைக் கால்சட்டை, தொப்பி, கழுத்தில் கேமரா. ஹோஹெப்பா அவர்களை வாசலில் வரிசையாக நிறுத்தினான்.

"அந்த அம்மா கூப்பிடற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது. அப்புறம், வாயில மிட்டாய் வச்சிருக்கவங்க முழுங்கிடுங்க. எங்க பாட்டன் பாத்துட்டிருக்காரு."

மூதாதை வீட்டின் கூரையடியில் பிரிஹிரா முன்னால் நின்றாள். மாராயா ஒரு அடி பின்னால். சமையல்கட்டு வாசலில் ஊர்ப்பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கூடினார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை.

சேற்றுக் குழி கொப்பளிக்கிற சத்தம் மட்டும் வந்தது. அக்கா மூச்சை இழுத்து நிறுத்துகிறாள் என்று மாராயா நினைத்தாள். அவளும் சிலசமயம் அப்படிச் செய்வாள். ஒரு நிமிடம் போயிற்று. வாசலில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். ஹோஹெப்பா அங்கிருந்து புருவத்தைத் தூக்கினான். ஒரு பெரிய ஆவிக்கூட்டம் குறுக்கே வந்து, வாசலை மறைத்து, விலகிப் போனது. நாற்பத்தெட்டுப் பேரும் அசையாமல் அங்கேயே நின்றார்கள்.

சால்வையின் குஞ்சம் ஆடியது. காற்று இல்லை. அக்காதான் அதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள் மாராயா. அந்தக் காலையில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"வரலடி."

"மூச்சை விட்டுட்டு மறுபடி இழு."

"மூச்சு இருக்கு. வார்த்தைதான் இல்ல. ஒண்ணுகூட இல்ல." பிரிஹிரா திரும்பாமலே பேசினாள், உதடு அசையாமல். "அங்க யாருகிட்டடி நம்ம பாஷையப் பேசுவேன்? நாப்பத்தி நாலு வருஷம். அம்மா சாவுக்கு வந்தப்பவே போயிடுச்சு. வெக்கத்துல 'வர்ற வரைக்கும்'னு சொல்லிட்டுப் போனேன். ராத்திரியெல்லாம் தேடிப் பாத்தேன். காலையில சொல்ல வந்தேன், நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே."

மாராயாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஊற்று மாதிரி குப்பென்று வந்தது. அடுத்த நொடி அந்தச் சந்தோஷத்தை நினைத்துக் காது சுட்டது.

"நீ கூப்பிடு," என்றாள் பிரிஹிரா.

"நீ நிக்கறப்ப நான் எப்படிக் கூப்பிடறது? ஊரே பாக்குது."

"அப்ப நான் இறங்கிப் போயிடறேன். தலை சுத்துதுன்னு சொல்லிக்கலாம்."

ஒரு கால் படியில் வைத்தாள். மாராயா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். யாரையும் அவள் அப்படிப் பிடித்ததில்லை. அக்கா இப்போது இறங்கிப் போனால் அழைப்பு தனக்குத்தான் கிடைக்கும், காலத்துக்கும். ஆனால் அக்கா இந்த ஊரில் மறுபடி தலை நிமிர்ந்து நடக்கமாட்டாள். அடுத்த மாதமே சிட்னிக்கு டிக்கெட் எடுப்பாள். நீல அறை காலியாகிவிடும்.

"போகாத. நீ ஓடி, நான் எடுத்துக்கிட்டதா வேணாம். நின்னு குடு."

"என்னத்தக் குடுக்க? எங்கிட்டத்தான் ஒண்ணுமே இல்லயே."

"கூப்பிடறதுக்குத்தான் வார்த்தை வேணும். குடுக்கறதுக்கு நீ என் அக்காவா இருந்தாப் போதும்."

பிரிஹிரா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. பார்த்தபடியே சால்வையைக் கழற்றினாள். எல்லாருக்கும் தெரிகிறமாதிரி, அவசரப்படாமல், அதைத் தங்கையின் தோளில் போட்டாள். முன்பக்கம் இழுத்து முடிந்தும் விட்டாள், சின்ன வயதில் குளிருக்குக் கம்பளி முடிந்துவிட்ட அதே முரட்டுத்தனத்தோடு. பிறகு பக்கத்தில் நின்று, தங்கையின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

சமையல்கட்டு வாசலில் யாரோ "ம்" என்றார்கள். ஊருக்கு அது போதும்.

மாராயா கூப்பிட்டாள்.

குரல் கூரையைத் தாண்டி, ஆவியைத் தாண்டி, ஏரிப்பக்கம் போய்த் திரும்பியது. வந்தவர்களை வரச்சொன்னாள். அவர்களுடைய இறந்தவர்களை வரச்சொன்னாள். அவர்களோடு அம்மாவையும், எருவேராவையும், அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத கென்னையும் சேர்த்துக் கூப்பிட்டாள். அந்தப் பெயர் வந்தபோது முதுகில் இருந்த கை அழுந்தியது. குரல் அறுபடவில்லை.

நாற்பத்தெட்டுப் பேரும் மெல்ல உள்ளே நடந்துவந்தார்கள்.

மத்தியானம் ஆவிப்பெட்டியைத் திறந்து கோழியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஹோஹெப்பா சமையல்கட்டுக்குள் தலையை நீட்டினான்.

"அக்கா, ஒரு வெள்ளைக்காரம்மா அழுதுட்டு நிக்குது. எத்தனையோ ஊர் பாத்தேன், ஆரம்பத்துல அத்தன நேரம் மௌனமா நின்னீங்களே, அந்த மாதிரி மரியாதைய எங்கயும் பாக்கலங்குது. சுற்றுலா ஆபீஸ் பொண்ணும் கேக்குது, இனிமே ஒவ்வொரு கப்பலுக்கும் அதே மாதிரி நிப்பீங்களான்னு."

பிரிஹிரா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நிக்கலாம். அத்தன நேரம் என் கால் நடுங்கினது மாதிரி அந்தப் பொண்ணையும் வந்து நடுங்கச் சொல்லு."

மாராயா சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அவள் சிரித்ததை ஹோஹெப்பா அதற்குமுன் கேட்டதில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவனும் சிரித்தான்.

அன்று மாலை தொட்டியில் அவர்கள் இருவர் மட்டும் கடைசியாக மிஞ்சினார்கள். மாராயா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, உனக்கு வார்த்தை வரலன்னு சொன்னப்ப, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

"தெரியும்."

"எப்படி?"

"என் கையப் புடிச்சப்ப உன் கை சூடா இருந்துச்சு. எனக்குப் பயம்னா கை ஜில்லுனு இருக்கும், உனக்கும் அப்படித்தான்." பிரிஹிரா முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். "விடுடி. நீ கூப்பிட்டப்ப எனக்கும் வயிறு எரிஞ்சுச்சு. கென் பேரு வந்தப்புறம்தான் அடங்கிச்சு. சரிக்குச் சரி."

அதற்குப் பிறகு எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லமுடியாது. ஊரில் சாவு விழுந்தால் பிரிஹிரா, பாஷை மறந்த வெட்கத்தில், இன்னும் கடைசி வரிசையில் குனிந்து உட்காருகிறாள். மூத்தவள் கற்றுக்கொண்டு கூப்பிட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. அவளிடம் கேட்டால், "எனக்கு இப்ப வேற வேலை இருக்கு," என்பாள்.

வேலை இருப்பது உண்மை. அழைப்பு முடிந்ததும் கப்பல்காரர்கள் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்பார்களே, மாராயா பயந்து ஓடுவாளே, அந்த இடத்தைப் பிரிஹிரா எடுத்துக்கொண்டாள். தரை ஏன் சுடுகிறது, செத்தவர்களை ஏன் மண்ணுக்குமேல் கல்லறை கட்டி வைக்கிறீர்கள் என்று கேட்டால் சளைக்காமல் பதில் சொல்கிறாள். பாதி நிஜம். மீதியை ஹோஹெப்பா பிறகு திருத்துகிறான்.

இந்தப் பருவத்தில் இதுவரை பதினேழு கப்பல் வந்திருக்கிறது. பதினேழுக்கும் கூப்பிட்டது மாராயா. கூப்பிடும்போது அவளுக்கு வலப்பக்கம் பிரிஹிரா நிற்கிறாள். நீல அறையில் தையல் மெஷினை நிரந்தரமாகத் தரையில் ஆணி அடித்து வைத்துவிட்டார்கள்.